நீந்தக் கற்ற லாரி

பாஸ்டனுக்கோ லண்டனுக்கோ போய்வந்த சிலர் பார்த்திருக்கக்கூடும். பயணிகளோடு சாலையில் ஓடிவரும் வண்டி, கரை வந்ததும் நிற்காமல் ஆற்றுக்குள் இறங்கிப் படகாகிவிடும். 'டக்' என்று செல்லமாக அழைக்கப்படும் அதன் பூர்வீகம் ஓர் இராணுவ லாரி. இரண்டாம் உலகப் போருக்காக ஜெனரல் மோட்டார்ஸ் 5 லட்சத்துக்கும் மேல் செய்து அனுப்பிய, ஆறு சக்கரமும் இழுக்கும் இரண்டரை டன் ஜிஎம்சி. அந்த லாரிக்குப் படகின் உடலை மாட்டியவர்கள் யார் என்று தேடிப்போனால்தான் கதை சூடுபிடிக்கிறது.

1942. துறைமுகமே இல்லாத கடற்கரைகளில் படையை இறக்கியாக வேண்டிய நிலை. கப்பலில் வரும் சரக்கை மணலில் கொட்டி, மறுபடி லாரியில் ஏற்றுவதற்குள் எதிரி சுதாரித்துக்கொள்வான். இதற்கு வழிதேடும் பொறுப்பு பால்மர் புட்னம் என்பவரிடம் வந்தது. வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு குன்றின்மேல் ஒன்றேகால் மெகாவாட் காற்றாலையை நிறுத்தி முந்தைய வருடம்தான் சாதனை படைத்திருந்தவர் அவர். பந்தயப் பாய்மரப் படகுகளில் பேர்போன ராட் ஸ்டீபன்ஸைக் கூட்டிக்கொண்டார். கடல்களைப் பாய்மரப் படகில் சுற்றிவந்த ஆங்கிலேயர் டென்னிஸ் புல்ஸ்டனும், ஃபிராங்க் ஸ்பியர் என்ற இளம் பொறியாளரும் சேர்ந்தார்கள். ஜிஎம்சி லாரியின் எஞ்சினும் ஆக்சிலும் அப்படியே இருக்க, சுற்றிலும் இரும்புத் தகட்டில் படகுடல் எழுந்தது. பின்னால் புரொப்பெல்லர், உள்ளே புகும் நீரை இறைக்கப் பம்புகள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது டயர் சங்கதிதான். இறுக்கமான டயர் மணலில் புதையும். காற்றைக் குறைத்தால் அகலமாகப் படர்ந்து ஏறிவிடும். தார்ச்சாலையிலோ நேர்மாறு. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே ஓடும் வண்டியின் டயருக்குக் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் இதில் ஏற்பாடு செய்தார்கள். பிற்பாடு உலகின் பல இராணுவ லாரிகளுக்குப் பரவிய வசதி இது.

இத்தனைக்கும் இராணுவ அதிகாரிகள் அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. காப்பாற்றியது ஒரு புயல். 1942 டிசம்பரில் செயல்விளக்கத்துக்காக மாசசூசெட்ஸின் பிராவின்ஸ்டவுன் பக்கம் வண்டி நின்றிருந்தபோது, கடலோரக் காவல்படைப் படகொன்று அங்கே தரைதட்டியது. வேறு படகுகள் நெருங்க முடியாத அலையில் டக் இறங்கி ஏழு பேரைக் கரைசேர்த்தது. செய்தி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வரை போனது. அதன்பின் யார் தடுப்பது? போர் முடிவதற்குள் 21,000க்கும் மேல் தயாராயின.

1943 ஜூலையில் சிசிலிக் கரையில் அவை அணிவகுத்தன. அடுத்த ஆண்டு நார்மண்டியில் நடந்ததுதான் விசித்திரம். பாய்ன்ட் டு ஹாக் என்ற செங்குத்துப் பாறையில் ஏறுவதற்காக, லண்டன் தீயணைப்புப் படையின் நூறடி ஏணிகளை வாங்கி நான்கு டக்குகளின் முதுகில் பொருத்தினார்கள். குண்டுக் குழிகள் நிறைந்த கரையில் ஏணிவண்டிகள் மேலேறவே முடியவில்லை. வீரர்கள் கயிறுகளையும் சிறு ஏணிகளையும் பிடித்தே ஏறினார்கள்.

சோவியத் ஒன்றியத்துக்கும் சில நூறு டக்குகள் போயிருந்தன. மாஸ்கோவின் ஸிஸ் தொழிற்சாலை அவற்றைப் பார்த்துத் தன் சொந்த லாரியின்மேல் ஒன்றைக் கட்டியது: ஸிஸ்-485. அமெரிக்க வண்டியில் பக்கச்சுவருக்கு மேலாகத்தான் சரக்கைத் தூக்கி ஏற்ற வேண்டும். ரஷ்யர்கள் பின்பக்கத்தில் கதவு வைத்துவிட்டார்கள். நகலெடுத்தவர் மூலத்தின் குறையைத் தீர்ப்பதும் உண்டு. டயர் வசதியோ அங்கிருந்து ஸில்-157 என்ற சாதாரண இராணுவ லாரிக்கும் தாவியது. அந்த லாரியைத் தழுவித்தான் சீனாவின் ஜியெஃபாங் சிஏ-30 பிறந்தது.

போர் முடிந்ததும் அமெரிக்க இராணுவம் மிஞ்சியவற்றைக் கழித்து விற்றது. 1946இல் விஸ்கான்சின் டெல்ஸ் என்ற ஆற்றங்கரை ஊரில் மெல் ஃபிளாத் என்பவர் ஒரு டக்கில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி மணற்பாறைகளைச் சுற்றிக் காட்டத் தொடங்கினார். இன்றைய டக் சுற்றுலாக்களுக்கெல்லாம் அவரே முன்னோடி. அதற்கும் முன்பே கலிபோர்னியாவின் பெர்க்லி விஞ்ஞானிகள் வேறொரு வேலைக்கு அதைப் பிடித்துக்கொண்டார்கள். வில்லார்ட் பாஸ்கமும் ஜான் ஐசக்ஸும் பசிபிக்கின் முறியும் அலைகளுக்குள் டக்கை ஓட்டிச்சென்று கடலடி மணலின் ஆழத்தை அளந்தார்கள். புல்ஸ்டனோ பறவைகளின் பக்கம் போனார். டிடிடி மருந்தை எதிர்த்து 1967இல் உருவான சுற்றுச்சூழல் அமைப்பின் முதல் தலைவர் அவர்தான்.

ஏலத்தில் எடுத்த வண்டியைப் பட்டறையில் உயிரோடு வைத்திருப்பது லேசான காரியமல்ல. தகடு மெல்லியது, துரு அரித்து ஓட்டை விழும். புரொப்பெல்லருக்கும் சக்கரங்களுக்கும் போகும் தண்டுகள் படகுடலைத் துளைத்து வெளிவரும் இடங்களில் ரப்பர் உறைகள் உண்டு. அவற்றில் ஒன்று கழன்றால் போதும், வண்டி தண்ணீர் குடிக்கும். மெக்கானிக்குகள் பழைய எஞ்சினை எடுத்துப் புதியதை வைத்தார்கள், சேசிஸை நீட்டிக் கூடுதல் இருக்கை போட்டார்கள், வெயிலுக்குக் கூரை அடித்தார்கள். சுற்றுலாவைத் தாங்கி நிறுத்தியவை இந்த மாற்றங்களே. இவற்றில் சில உயிரையும் வாங்கின.

1999 மே மாதம் ஆர்கன்சாவின் ஹாமில்டன் ஏரியில் ஒரு டக்கின் ரப்பர் உறை வழியே நீர் புகுந்தது. மூழ்கியபோது பலர் கூரைக்குள் சிக்கிக்கொண்டார்கள். 13 பேர் இறந்தார்கள். 2013 ஜூனில் லிவர்பூலின் துறைக்குளத்தில் ஒன்று மூழ்கியது. அதிர்ஷ்டவசமாக எல்லோரும் பிழைத்தார்கள். மூழ்காமல் மிதக்க வைப்பதற்காக நுரைக்கட்டிகளை உள்ளே அடைப்பது வழக்கம். அதே செப்டம்பரில் தேம்ஸ் நதியில் ஒரு வண்டிக்குள் அந்தக் கட்டிகள்தான் சுழலும் தண்டில் உரசித் தீப்பிடித்தன. பயணிகள் ஆற்றில் குதித்தார்கள். 2015இல் சியாட்டிலில், சேசிஸ் நீட்டப்பட்ட ஒரு டக்கின் முன் ஆக்சில் உறை உடைந்து, எதிரே வந்த பேருந்தில் மோதி 5 மாணவர்கள் மாண்டார்கள். 2018 ஜூலையில் மிசௌரியின் டேபிள் ராக் ஏரியில் புயல் எழுந்தது. படகிலிருந்த 31 பேரில் 17 பேர் திரும்பவில்லை.

புயலில் மனிதரைக் காத்துப் பேர்வாங்கிய வண்டி புயலிலேயே மூழ்கியதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பிராவின்ஸ்டவுனில் அலைக்குள் இறங்கியது மேல்பக்கம் திறந்த வண்டி. ஏரிகளில் மூழ்கியவற்றுக்குத் தலைக்குமேல் கூரை இருந்தது. கூரை ஆபத்து என்று 1999 விபத்தை ஆராய்ந்தவர்கள் அப்போதே எச்சரித்திருந்தார்கள். தண்ணீரில் இறங்கும் டக்குகளிலிருந்து அதைக் கழற்ற வேண்டும் என்ற கட்டாயம் அமெரிக்காவில் வந்ததோ 2023இல்தான்.