வன்னியிற் கேட்ட பாட்டு

பாட்டுக் கேட்டுப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்ற முறைப்பாட்டை ஆசிரியர் அறையிலே மாதம் ஒருமுறையாவது நாம் கேட்கிறோம். காதிலே இயர்போன், கையிலே தொலைபேசி, பேருந்திலே அதிரும் சினிமாப் பாட்டு. பிறகு பாடத்தில் எங்ஙனம் மனஞ் செல்லும் என்பது கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆயின் அது புதியதன்று.

1952இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சர் பி. வி. கேஸ்கர், சினிமாப் பாடல்கள் மக்களின் இரசனையைக் கெடுக்கின்றன எனக் கருதி அகில இந்திய வானொலியிலிருந்து அவற்றை ஒதுக்கினார். விளைவு யாது? இந்திய நேயர்கள் இலங்கை வானொலியின் வர்த்தக சேவைக்குத் திரும்பினர். 1957இல் விவித பாரதியைத் தொடங்கிச் சினிமாப் பாட்டை டில்லியே மீண்டும் அழைத்துக்கொண்டது.

ரான்சிஸ்டர் பரவிய நாள்களில், மின்சாரம் எட்டாத வன்னிக் குடியேற்றங்களுக்கும் அப்பாடல்கள் வந்து சேர்ந்தன. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் காடு வெட்டி மிளகாய் செய்த இளைஞருக்கு, வரம்பில் வைத்த வானொலியே மாலைத் துணை. 1970களில் பைலாத் தாளத்திலே நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப் பாடல்கள் இளைஞரைக் கவர்ந்தன. பெரியோர் முகஞ் சுளித்தனர். நித்தியின் பெயர்பெற்ற பாட்டொன்று கள்ளுக்குடியைக் கண்டிப்பது என்பதை அவர்கள் கவனித்தார்களோ, என்னவோ!

பின்னர் போர் வந்தது. 1990இன் பின் அரசு விதித்த பொருளாதாரத் தடை பற்றறியையும் தடுத்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னில் மக்கள் வானொலி கேட்டனர். நாமும் சிறு வயதில் அவ்வாறு சுற்றியவரே. கை ஓய்ந்தாற் பாட்டும் ஓயும். அண்ணன்மாரிடம் ஏச்சு விழும்.

அந்த வானொலியில் இப்போது வேறு பாட்டும் வந்தது. புலிகளின் குரல் 1990இல் ஒலிக்கத் தொடங்கியது. ஒலிநாடாக்கள் வீடு வீடாகச் சென்றன. புதுவை இரத்தினதுரை எழுதினார். கிளிநொச்சியில் வாழ்ந்த எஸ். ஜி. சாந்தன் பாடினார். இசையும் சொல்லும் தரமானவை என்பதை மறுப்பதற்கில்லை. குண்டு விழுந்த வீட்டுப் பிள்ளைக்கு அப்பாட்டு பொய்யாகத் தோன்றவில்லை. தன் துயரத்தை அறிந்து பேசும் குரலாகவே தோன்றிற்று. இதனை மறைத்து அக்காலத்து வரலாற்றை எழுத முடியாது. ஆனால் அப்பாட்டு ஆறுதல் கூறியதோடு நிற்கவில்லை. பிள்ளையின் உயிரையும் கேட்டது. பதினைந்து வயதிலும் பதினாறு வயதிலும் சிலர் எழுந்து போனார்கள். வகுப்பிலே அவர்கள் இருந்த வாங்குகளை நாம் அறிவோம்.

பாட்டே எல்லாவற்றையும் செய்தது என்போமாயின் அதுவும் பிழையாகும். 2006 நடுப்பகுதி வரையில் வடக்கிலும் கிழக்கிலும் 5000க்கு மேற்பட்ட சிறுவர் சேர்ப்புகளை யுனிசெப் பதிவு செய்தது. அச்சிறுவருட் பலர் பாட்டுக்கு மயங்கிச் சென்றவரல்லர், பலவந்தமாகக் கொண்டுசெல்லப்பட்டவர். இறுதி ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு ஆள் பிடிக்க வேண்டி நேர்ந்தபோது, பாட்டின் வலிமைக்கும் ஓர் எல்லை உண்டென்பது வெளிப்பட்டது. பதுங்கு குழிக்குள் மகளை மறைத்து வைத்த தாய்க்கு எந்தப் பாட்டும் கேட்டிராது.

எம்மை உறுத்துவது வேறொன்று. காதற் பாட்டால் பிள்ளை கெடும் என்று அஞ்சிய ஆசிரிய உலகம், சாவை அழகாக்கிய பாட்டைக் கண்டு அவ்வளவு அஞ்சவில்லை. பாடசாலை மேடைகளில் அப்பாடல்களுக்கு எமக்கு அபிநயம் பழக்கியோரும் ஆசிரியரே. அஞ்சியும் வாய் திறக்க இயலாதிருந்தோர் இருந்தனர். அவர்களைக் குறை கூற எமக்கு உரிமையில்லை. 2009இன் பின்னரோ, அப்பாடல்களைப் பற்றி வகுப்பறையிற் பேசுவதே ஆபத்தாயிற்று. முன்பு கேள்வியின்றிக் கேட்டோம். பின்பு கேள்வியின்றி மறைத்தோம்.

அண்மையில் ஆண்டு 11 வகுப்பிலே, கைத்தொலைபேசியைப் பறித்து மேசையில் வைத்தபோது ஒரு மாணவி கேட்டாள்: “எங்கட வயதில நீங்கள் என்ன பாட்டு சேர் கேட்டனீங்கள்?” சைக்கிள் டைனமோவின் கதையைச் சொன்னோம். வகுப்பு சிரித்தது. என்ன பாட்டு என்பதை நாம் சொல்லவில்லை.