சொன்னவர்: வீரம்மா

பிரெஞ்சு மொழியில் 'பரியா' என்றொரு சொல் இருக்கிறது. ஒதுக்கப்பட்டவர், யாரும் சேர்த்துக்கொள்ளாதவர் என்று பொருள். அது நம் சேரியிலிருந்து போன சொல். பறையர் என்ற சாதிப் பெயரைப் போர்ச்சுகீசியர் காதில் வாங்கி எழுதிவைத்தார்கள். அங்கிருந்து அது ஐரோப்பிய மொழிகளுக்குள் நுழைந்தது. நான் பிறந்த பழவேற்காட்டு ஏரிக்கரைக்கும் அவர்கள் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டார்கள். பிறகு டச்சுக்காரர் வந்து 1613இல் கெல்திரியா கோட்டையைக் கட்டினார்கள். இந்தக் கரையிலிருந்து துணி மட்டும் போகவில்லை. பஞ்சத்திலும் போரிலும் சிக்கிய ஜனங்களை அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். ஆளும் போனான், ஆளுக்கு வைத்த பெயரும் போனது.

அந்தப் பெயரை வைத்துப் பிரெஞ்சுக்காரர்கள் நிறைய எழுதினார்கள். 1791இல் பெர்னார்தான் த சான்-பியேர் ஒரு பரியாவைக் கதாநாயகனாக்கினார். 1821இல் கசிமீர் தெலவீஞ் 'பரியா' என்று நாடகமே போட்டார். 1838இல் ஃப்ளோரா திரிஸ்தான் என்ற பெண்மணி, நம்மோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர், தன் பயணநூலின் தலைப்பில் தன்னையே பரியா என்று அழைத்துக்கொண்டார். அவருடைய துயரம் உண்மையானதுதான். ஆனால் சேரியில் இருப்பவள் என்ன சொல்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

1995இல் பாரிசின் ப்ளோன் பதிப்பகம் 'ஒரு பரியா வாழ்க்கை' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டது. 'அடிமைப்பட்டவர்களின் சிரிப்பு' என்பது துணைத்தலைப்பு. லெவி-ஸ்த்ரோசின் புகழ்பெற்ற நூல் 1955இல் எந்த வரிசையில் வந்ததோ அதே வரிசை. அட்டையில் மூன்று பெயர்கள்: வீரம்மா, ழோசியான் ரசீன், ழான்-லுய்க் ரசீன். வீரம்மா புதுச்சேரிக்கு அருகே ஒரு கிராமத்துச் சேரியைச் சேர்ந்தவர். பண்ணைக் கூலி, மருத்துவச்சி, ஒப்பாரியும் நடவுப்பாட்டும் பாடுகிறவர். பன்னிரண்டு பிள்ளை பெற்று ஒன்பதைப் பறிகொடுத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. நாட்டுப்பாடல்களைத் தேடிப்போன ழோசியான் ரசீனிடம் அவர் ஆண்டுக்கணக்கில் தமிழில் பேசினார். அந்தப் பேச்சு முதலில் புத்தகமானது பிரெஞ்சில். 1997இல் ஆங்கிலத்தில் வந்தது.

நம் தோழர்கள் சிலருக்கு வீரம்மாவிடம் ஒரு மனக்குறை உண்டு. அவர் ரெட்டியார் பண்ணையை எதிர்த்துக் கொடி பிடிக்கவில்லை. தலைவிதி என்கிறார், சாமி என்கிறார், பழைய ஒழுங்கை ஏற்றுக்கொண்டவர் மாதிரிப் பேசுகிறார். அவர் மகனின் தலைமுறைக்கு இதெல்லாம் ஒத்துவரவில்லை. 'இது கலக எழுத்தா?' என்று கேட்கிறார்கள்.

நான் அந்த நூலை வேறு மாதிரி வாசிக்கிறேன். கூலிக்குக் கைகட்டி நின்ற பொம்பளை, வீட்டுக்கு வந்ததும் ஆண்டையைக் கேலி பண்ணுகிறாள். உடம்பைப் பற்றி, படுக்கையைப் பற்றி, பேய் பிசாசைப் பற்றிக் கூசாமல் பேசுகிறாள். பணிவு வயிற்றுக்கு, சிரிப்பு தனக்கு. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்காவிட்டால் நாம் அவரை இரண்டாம் முறை ஊமையாக்குகிறோம். 1992இல் பாமா 'கருக்கு' எழுதினார். அது படித்த மகள் தன் கையால் எழுதியது. வீரம்மாவுடையது படிக்காத தாயின் வாய்ப்பேச்சு. மகளின் எழுத்தை வைத்துத் தாயின் பேச்சுக்கு மார்க் போட முடியாது.

வேறொரு தேசத்திலும் இப்படி ஒருவர் இருந்தார். கனடாவின் கியூபெக் பகுதியில் இன்னு என்ற ஆதிக்குடியைச் சேர்ந்த ஆன் ஆந்தான் காபெஷ். அவர்கள் வேட்டையாடிய நிலத்தில் 1950களில் இரும்புச் சுரங்கம் வந்தது. 1976இல் அவர் தன் மொழியிலேயே ஒரு நூல் எழுதினார். பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் சேர்ந்தே அச்சானது. வெள்ளைக்காரர் தம்மைத் திட்டிய வசவையே, 'நான் ஒரு கேடுகெட்ட காட்டுமிராண்டிப் பெண்' என்று, தலைப்பாக வைத்தார். சுரங்கம், பள்ளிக்கூடம், போலீஸ், எதையும் விடவில்லை. வசவை எடுத்துத் திருப்பி அடித்தது அவர் கை. அவருடைய மொழியும் பிரெஞ்சும் ஒரே புத்தகத்தில் இருந்தன. வீரம்மா விஷயத்தில் தமிழ் ஒலிநாடாவில் நின்றது, பிரெஞ்சு அச்சில் போனது. இதற்கு ரசீன் தம்பதியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் பெயரை மறைக்கவில்லை, முதலில் போட்டார்கள். பக்கத்துத் தெருவில் இருந்த தமிழ் எழுத்தாளர் ஏன் அந்தச் சேரிக்குள் போய் உட்காரவில்லை என்பதுதான் கேள்வி.

எங்கள் ஏரிக்கு வருகிறேன். இங்கே 'பாடு' என்ற முறை உண்டு. இன்ன இடத்தில் இன்னாருக்கு இன்றைக்கு வலை என்று முறைவைத்துப் பிரிப்பது. அந்தப் பரம்பரை உரிமை பட்டினவ ஆண்களுக்கு. இருளர் பெண்களும் சேரிப் பெண்களும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் எறா தடவுகிறார்கள். அவர்களுக்கு ஏரியில் பாடு கிடையாது, படுகிற பாடு மட்டும் உண்டு. ஏரிக்குக் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971இல் முதல் ராக்கெட் பறந்தது. அந்தத் தளத்துக்காக இடம்பெயர்ந்த யானாதிகள் உண்டு. ராக்கெட்டின் வரலாறு பாடப்புத்தகத்தில் வந்துவிட்டது.

என் பெரியம்மாவைக் கேட்டால், "எங்க கதையில இன்னாடா கீது எழுதறதுக்கு? தண்ணியில நின்னதுதானே" என்பார். அப்படிச் சொல்லிவிட்டு ரெண்டு மணி நேரம் பேசுவார்.

இன்றைக்கு வீட்டுக்கு வீடு செல்போன் இருக்கிறது. பேச்சைப் பதிய யாரும் பாரிசிலிருந்து வரவேண்டியதில்லை. ஆனால் சில விஷயங்களை முதலிலேயே முடிவு பண்ணிக்கொள்ள வேண்டும். பேசியவர் பெயர் அட்டையில் முதலில் வரணும். அவர் பேச்சு அவர் பேசின மாதிரியே, எறா எறாவாகவே, அச்சில் வரணும். அச்சுக்குப் போகும் முன்பு அவருக்குப் படித்துக்காட்டணும். 'இது வேணாம்' என்றால் எடுத்துவிடணும். வருகிற பணத்தில் அவருக்குப் பங்கு உண்டு. நம் அரசியலுக்கு ஒத்துவராததைச் சொன்னாலும் வெட்டக் கூடாது.

பிரெஞ்சுக்காரன் நம்மிடமிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு போய் முந்நூறு வருஷம் அவன் இஷ்டத்துக்குப் பேசினான். எறா தடவுகிறவள் தன் சொல்லைத் தானே வைத்துக்கொள்ளட்டும். நாம் எழுதுகோல் பிடித்தால் போதும்.