தோம்பில் பேர் இருந்தால் மோட்சமா?

கந்தளாய்ப் பக்கம் கிறிஸ்தவர்கள் கொஞ்சப் பேர்தான். சிங்களவர், முஸ்லிம்கள், சைவத் தமிழர் என்று எல்லாரும் குளத்துத் தண்ணியைப் பங்குபோட்டு வாழ்கிற ஊர் இது. வெளியில நின்று பார்க்கிறவருக்கு வேதக்காரர் எல்லாரும் ஒன்றுதான். கல்யாணப் பேச்சு வரும்போதுதான் "ஆர்.சி.யா, மெதடிஸ்தா?" என்ற கேள்வி எழும்பும். என்ன வித்தியாசம் என்று கேட்டால், "அவங்க மாதாவைக் கும்பிடுவாங்க, இவங்க கும்பிட மாட்டாங்க" என்று பதில் வரும். அது பாதிக் கதைகூட இல்லை. மிச்சக் கதையில் எங்கட கடலுக்கும் காட்டுக்கும் பங்கு இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

மூலச் சண்டை மீட்பைப் பற்றியது. பாவியான மனிதர் கடவுள் முன்னால் நீதிமானாவது எப்படி? விசுவாசத்தால் மட்டுமே என்றார் மார்ட்டின் லூதர். 1517இல் ஜெர்மனியில் அவர் தொடங்கிய விவாதத்தின் நடுப்புள்ளி அதுதான். நற்செயல் மீட்புக்குக் கொடுக்கிற விலை இல்லை, மீட்பிலிருந்து விளைகிற கனி என்பது அவருடைய வாதம். கத்தோலிக்கத் திருச்சபை 1547இல் திரெந்து பொதுச்சங்கத்தில் பதில் சொன்னது. தொடக்கம் கடவுளின் அருள்தான், அதை யாரும் உழைத்துச் சம்பாதிக்க முடியாது. ஆனால் அந்த அருள் மனிதரை உள்ளுக்குள்ளேயே மாற்றுகிறது, மனிதரும் அதோடு ஒத்துழைக்க வேண்டும் என்றது. ஒரு பக்கம் ரோமர் 3:28ஐக் காட்டும், மறுபக்கம் யாக்கோபு 2:24ஐக் காட்டும். கல்வினின் வழியில் போன ஒல்லாந்துச் சபை இன்னும் ஒரு படி மேலே போனது. மீட்கப்படுகிறவர்களைக் கடவுளே முன்கூட்டித் தெரிந்தெடுத்துவிட்டார் என்று 1618–19இல் தோர்த் நகரச் சங்கத்தில் உறுதிசெய்தது.

இந்தச் சண்டை எங்களிடம் போர்க்கப்பலில் வந்தது. முதலில் போர்த்துக்கேயர் கத்தோலிக்கத்தைக் கொண்டுவந்தார்கள். 1620களில் அவர்கள் திருக்கோணேச்சரத்தை இடித்து, அந்தக் கல்லை எடுத்துக் கோட்டை கட்டியதை இந்த மாவட்டத்தில் பிறந்தவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1639இல் அந்தக் கோட்டையை ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1658இல் யாழ்ப்பாணமும் விழுந்து, இலங்கையில் போர்த்துக்கேயர் ஆட்சி முடிந்தது. அதே வருடம் ஒல்லாந்தர் ஒரு கட்டளை போட்டார்கள்: கத்தோலிக்கக் குருவை ஒளித்துவைப்பவருக்கு மரண தண்டனை.

அதோடு விடவில்லை. கத்தோலிக்கக் கோயில்களைப் புரட்டஸ்தாந்துக் கோயில்களாக மாற்றி, அவற்றோடு பள்ளிக்கூடங்களை நடத்தினார்கள். அங்கே படிப்பித்த சட்டம்பியார்தான் ஊராருடைய ஞானஸ்நானத்தையும் கல்யாணத்தையும் தோம்பில் பதிந்தார். தோம்பு என்றால் பதிவேடு. பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் தண்டப்பணம். பதியாத கல்யாணம் செல்லாது, அதில் பிறந்த பிள்ளைக்குச் சொத்துரிமையில் சிக்கல். அரசாங்க உத்தியோகம் வேண்டுமென்றால் சபையில் சேர வேண்டும். சனம் என்ன செய்தது? தோம்பில் பேரைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குள் சைவமாகவும் கத்தோலிக்கமாகவும் இருந்தது. இவர்கள் பேருக்குத்தான் கிறிஸ்தவர்கள் என்று ஒல்லாந்தப் போதகர்களே முறையிட்டிருக்கிறார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மனிதரின் எந்தச் செயலும் மீட்பைத் தராது என்று போதித்தது இந்தச் சபை. சடங்குகளை நம்பாதே என்று கத்தோலிக்கரைக் கண்டித்ததும் இதுதான். ஆனால் எங்கட சனத்துக்கு அதன் கையில் இருந்து கிடைத்தது என்ன? வரவுப் பதிவு, மனப்பாடம், தண்டப்பணம், உத்தியோகம். விசுவாசம் கடவுள் தரும் கொடை என்று சொன்னவர்களே அதைச் சட்டம் போட்டு வாங்கப் பார்த்தார்கள்.

மறுபக்கத்தையும் பார்ப்போம். குருவும் திருவருட்சாதனங்களும் இல்லாமல் கத்தோலிக்கத்தால் நிற்கவே முடியாது என்பது புரட்டஸ்தாந்தர் அடிக்கடி வைத்த விமர்சனம். 1658க்குப் பிறகு ஏறக்குறைய முப்பது வருடம் இலங்கைக் கத்தோலிக்கர் அநேகமாகக் குருவே இல்லாமல்தான் இருந்தார்கள். பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. வீட்டில் செபமாலை சொன்னார்கள், பிள்ளைகளுக்கு மந்திரங்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். மாந்தையில் இருந்தவர்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். இன்றைய மடுத் திருத்தலத்தின் தொடக்கம் அதுதான். கிட்டத்தட்ட விசுவாசம் ஒன்றை மட்டுமே பிடித்துக்கொண்டு நின்றவர்கள் இந்தக் கத்தோலிக்கர்கள். லூதர் கண்டிருந்தால் அவருக்கு இவர்களைப் பிடித்திருக்கும் என்று நாங்கள் பகிடியாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

1687இல் கோவாவிலிருந்து யோசவ் வாஸ் என்ற குரு, ஏழைத் தொழிலாளி வேஷத்தில் இலங்கைக்கு வந்தார். யார் கத்தோலிக்கர் என்று கண்டுபிடிக்கக் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு திரிந்தார். யாழ்ப்பாணத்துச் சில்லாலை மக்கள் அவரை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். 1692இல் அவர் கண்டிக்குப் போனபோது, போர்த்துக்கேய உளவாளி என்று அவர்மேல் குற்றம் சாட்டியவர் லனரோல் என்ற பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தர். அந்த லனரோல் கண்டிக்கு வந்த கதை எங்கட கடலில்தான் தொடங்குகிறது. 1672இல் திருகோணமலைக்கு வந்த பிரெஞ்சுக் கப்பற்படை கண்டி அரசனிடம் தூது அனுப்பியது. தூது போன அவரை அரசன் திரும்பிப் போக விடவில்லை.

வாஸ் சிறைக்குப் போனார். பிறகு பௌத்த அரசனான இரண்டாம் விமலதர்மசூரியனே அவருக்கு விடுதலையும் போதிக்கும் உரிமையும் கொடுத்தான். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளிகளைச் சாதி மதம் பார்க்காமல் வாஸ் பராமரித்தார். கிறிஸ்தவர் கிறிஸ்தவரை வேட்டையாடிய காலத்தில் இலங்கைக் கத்தோலிக்கத்துக்கு நிழல் கொடுத்தது ஒரு பௌத்த அரசு என்பதை நாங்கள் மறக்கக் கூடாது.

ஆயுதமும் சட்டமும் இல்லாமல் எழுத்தாலும் இந்த வாதம் நடந்தது. வாஸுக்குப் பின்னால் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். தமிழரான ஒல்லாந்துச் சபைப் போதகர் பிலிப்பு தெ மெல்லோ, கத்தோலிக்கத்தை மறுத்து 1753இல் 'சத்தியத்தின் ஜெயம்' எழுதினார். அக்கரையில் தரங்கம்பாடி லுத்தரன்களுக்கு எதிராக வீரமாமுனிவர் 1728இல் 'வேத விளக்கம்' எழுதினார். எதிராளியைத் திட்டுவதில் யாரும் குறை வைக்கவில்லை. ஆனாலும் சாதாரண ஆளுக்கு விளங்கும்படி சிக்கலான ஒரு விஷயத்தைத் தமிழ் உரைநடையில் வாதாட அந்தச் சண்டையில் பழகிக்கொண்டார்கள். அது எங்களுக்கு மிஞ்சிய லாபம்.

ஒல்லாந்தர் போய் ஆங்கிலேயர் வந்த பிறகு, 1806இல் கத்தோலிக்கர் மேலிருந்த தடைகள் நீங்கின. கட்டாயம் போனதும் தோம்புக் கிறிஸ்தவம் மளமளவென்று கரைந்தது. முப்பது வருடம் குரு இல்லாமல் கிடந்த கத்தோலிக்கம் தங்கியது. சட்டத்தால் யாரையும் விசுவாசியாக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் தேவையில்லை. கோணேசர் கோயிலை இடித்தும் இங்கே சைவம் அழியவில்லை என்பதையும் இதோடு சேர்த்து வாசிக்கலாம்.

அப்போ மூலக் கேள்வி? 1999 ஒக்டோபர் 31இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மீட்பு எங்கட தகுதியால் அல்ல, கடவுளின் அருளால் மட்டுமே. கிறிஸ்துவின் மேலுள்ள விசுவாசத்தில் அதைப் பெறுகிறோம். அந்த அருளே எங்களை நற்செயலுக்குத் தயார்படுத்துகிறது என்பதே அதன் சாரம். 2006இல் உலக மெதடிஸ்த மன்றமும், 2017இல் கல்வின் வழிவந்த சபைகளின் உலக அமைப்பும் அதை ஏற்றுக்கொண்டன. பாப்பரசரின் அதிகாரம், மாதா, நற்கருணையைப் பகிர்வது எல்லாம் இன்னும் தீராமல்தான் இருக்கின்றன. ஆனால் எந்தக் கேள்விக்காக உடைந்தார்களோ, அதில் பெரும் பகுதி தீர்ந்துவிட்டது. எங்கட கல்யாணப் பேச்சுகளுக்குத்தான் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

ஆகவே சில விஷயங்களைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. தண்ணீரால், திரித்துவத்தின் பெயரால் மெதடிஸ்த சபையில் கொடுத்த ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை செல்லுபடியானதாக ஏற்கிறது, திரும்பக் கொடுப்பதில்லை. கத்தோலிக்கர் ஒருவர் வேறு சபையைச் சேர்ந்தவரைக் கட்டுவதற்கு ஆயரின் அனுமதி எடுக்க வேண்டும். மற்றவர் மதம் மாறவேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னாலானதைச் செய்வேன் என்ற வாக்கை அந்தக் கத்தோலிக்கர்தான் கொடுக்க வேண்டும், மற்றவர் கொடுக்கத் தேவையில்லை. "மாறினால்தான் கல்யாணம்" என்று யாராவது சொன்னால், அது எந்தச் சபையின் போதனை, எந்தச் சட்டம் என்று தைரியமாகக் கேளுங்கள். பல நேரம் அது வீட்டார் தாங்களே எழுதிவைத்த தோம்பாக இருக்கும்.