எசுக்குவேலா நுவேவா

எசுக்குவேலா நுவேவா (எசுப்பானிய மொழியில் "புதிய பள்ளி") என்பது கொலம்பியா நாட்டின் ஊரகத் தொடக்கப் பள்ளிகளுக்காக 1975 ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட கற்பித்தல் முறை ஆகும். ஓர் ஆசிரியரோ இரண்டு ஆசிரியர்களோ மட்டும் பணியாற்ற, ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து படிக்கும் சிறு பள்ளிகளே இதன் களம். சமூகவியலாளர் விக்கி கோல்பெர்ட், ஊரக ஆசிரியர் ஓசுக்கார் மொகோயோன், அமெரிக்கப் பன்னாட்டு வளர்ச்சி முகமையைச் சேர்ந்த பெரில் லெவிங்கர் ஆகிய மூவரும் இதனை வடிவமைத்தனர்.

பின்னணி

ஆண்டீசு மலைச்சரிவுகளில் சிதறிக் கிடக்கும் கொலம்பியச் சிற்றூர்களில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என அமர்த்தும் அளவுக்குப் பிள்ளைகள் இருப்பதில்லை. 1960களின் தொடக்கத்தில் யுனெசுக்கோவின் முயற்சியால் வட சாந்தாந்தர் மாகாணத்தின் பாம்ப்லோனா நகரில் ஓராசிரியர் பள்ளி முறை ஒன்று சோதித்துப் பார்க்கப்பட்டது. அதற்கான கற்றல் அட்டைகளை ஆசிரியரே எழுதித் தயாரிக்க வேண்டியிருந்ததால், மிகுந்த ஈடுபாடு உடைய சிலரைத் தவிர மற்றவர்களால் அதனைத் தொடர முடியவில்லை. அம்முறையில் பட்டறிவு பெற்றிருந்த மொகோயோனுடன் இணைந்த கோல்பெர்ட், சாதாரண ஆசிரியர் ஒருவர் சாதாரணப் பள்ளியில் செய்யக்கூடியதாக ஒவ்வொரு கூறும் இருக்க வேண்டும் என்பதையே அடிப்படை விதியாகக் கொண்டார்.

கற்றல் வழிகாட்டிகள்

இம்முறையின் மையம் கற்றல் வழிகாட்டி எனப்படும் நூலாகும். வழக்கமான பாடநூல் ஆசிரியர் விளக்குவதற்காக எழுதப்படுகிறது. வழிகாட்டியோ நேரடியாக மாணவரிடம் பேசுகிறது. எதைப் படிக்க வேண்டும், யாருடன் சேர்ந்து பேச வேண்டும், எந்த இடத்தில் ஆசிரியரிடம் காட்ட வேண்டும் என அது படிப்படியாகச் சொல்கிறது. ஒவ்வொரு பாடமும் அறிமுகச் செயல்கள், பயிற்சிகள், கற்றதை வீட்டிலும் ஊரிலும் பயன்படுத்திப் பார்த்தல் என்னும் வரிசையில் செல்கிறது. இரண்டு அல்லது மூன்று பிள்ளைகள் ஒரு நூலைப் பகிர்ந்துகொள்வர். விடைகளைத் தனிக் குறிப்பேட்டில் எழுதுவதால் அதே நூல் பல ஆண்டுகளுக்குப் பயன்படும். செலவைக் குறைக்கச் செய்த ஏற்பாடு எனினும், பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பேசிக் கற்பதற்கும் அதுவே வழி செய்தது.

ஒரு குழு இவ்வாறு தானே படித்துக்கொண்டிருக்கும்போது ஆசிரியர் மற்றொரு குழுவுடன் அமர முடிகிறது. வகுப்பறையில் பாடவாரியான கற்றல் மூலைகளும் சிறு நூலகமும் இருக்கும். மாணவர்களே தேர்ந்தெடுக்கும் மாணவர் அரசு தோட்டம், நூலகம், தூய்மை போன்ற பணிகளைக் கவனிக்கிறது. ஊரின் வரைபடத்தையும் வேளாண் நாட்காட்டியையும் பிள்ளைகள் பெற்றோரின் உதவியுடன் வரைந்து சுவரில் மாட்டுகின்றனர்.

நெகிழ்வான தேர்ச்சி

வேளாண் நாட்காட்டி வெறும் அலங்காரம் அன்று. கொலம்பியாவின் பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் பள்ளி ஆண்டு நவம்பரில் முடிகிறது. கால்தாசு போன்ற காப்பி விளையும் மாகாணங்களில் முதன்மை அறுவடையும் ஆண்டின் இறுதி மாதங்களிலேயே வருகிறது. அறுவடைக்குச் செல்லும் குடும்பத்தோடு செல்லும் பிள்ளை சில வாரங்களை இழந்து, ஆண்டிறுதியில் தோல்வியுற்று, அதே வகுப்பை மீண்டும் முதலிலிருந்து படிக்க நேரிடும். இரண்டு முறை இவ்வாறு நேர்ந்தால் பெரும்பாலும் படிப்பே நின்றுவிடும்.

எசுக்குவேலா நுவேவா முறையில் பிள்ளை எந்தப் பக்கத்தில் நிறுத்தியதோ அங்கிருந்து தொடர்கிறது. ஒரு வகுப்புக்கான இலக்குகளை முடித்ததும், மாதம் எதுவாயினும், அடுத்த வகுப்பின் வழிகாட்டியைத் தொடங்கலாம். இதனை அனைவருக்கும் தானாகவே தேர்ச்சி வழங்கும் முறையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே இலக்கை எட்டாமல் எவரும் முன்னேறுவதில்லை. அதற்குரிய காலம் மட்டுமே பிள்ளைக்குப் பிள்ளை மாறுபடுகிறது.

விரிவாக்கமும் மதிப்பீடுகளும்

புதிய ஆசிரியர்கள் முதலில் நன்கு நடைபெறும் மாதிரிப் பள்ளி ஒன்றை நேரில் காண்பர். பின்னர் இடைவெளி விட்டு நடத்தப்படும் பயிலரங்குகளில் பயிற்சி பெறுவர். அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் அவ்வப்போது கூடும் நுண்மையங்களில் தம் சிக்கல்களைப் பகிர்ந்துகொள்வர்.

1985 ஆம் ஆண்டில் கொலம்பிய அரசு இதனை ஊரகத் தொடக்கக் கல்விக்கான தேசியக் கொள்கையாக ஏற்றது. அதன் பின்னர் பல ஆயிரம் பள்ளிகள் குறுகிய காலத்தில் சேர்க்கப்பட்டன. பயிற்சியும் வழிகாட்டிகளும் அதே வேகத்தில் சென்று சேரவில்லை. 1998 இல் வெளியான ஓர் ஆய்வு, இத்திட்டத்தில் உள்ளதாகக் கணக்கிடப்பட்ட பள்ளிகள் பலவற்றில் வழிகாட்டிகளோ நூலகமோ இல்லை எனக் காட்டியது. வழிகாட்டி இல்லாத இடத்தில் இம்முறையும் இல்லை என்றே கொள்ள வேண்டும். பெயர்ப்பலகை மட்டுமே மாறியிருக்கும்.

இக்குறைகளுக்கு இடையிலும் முடிவுகள் பெரும்பாலும் சாதகமாகவே இருந்தன. 1993 இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, இப்பள்ளி மாணவர்கள் ஏனைய ஊரகப் பள்ளி மாணவர்களை விட எசுப்பானிய மொழியிலும் மூன்றாம் வகுப்புக் கணிதத்திலும் முன்னணியில் இருந்தனர்; ஐந்தாம் வகுப்புக் கணிதத்தில் அத்தகைய மேம்பாடு காணப்படவில்லை. 1997 இல் இலத்தீன் அமெரிக்க நாடுகளில் யுனெசுக்கோ நடத்திய ஒப்பீட்டுத் தேர்வில், பெருநகரங்கள் நீங்கலாக ஏனைய நகரப் பள்ளிகளைக் காட்டிலும் ஊரகப் பள்ளிகள் சிறந்து விளங்கிய நாடாகக் கொலம்பியா இருந்தது.

இடம்பெயர்ந்தோரின் பிள்ளைகள்

கொலம்பிய ஆயுதப் போராட்டத்தினால் 1985 முதல் இடம்பெயர்ந்தவர்களாக அரசுப் பதிவேட்டில் உள்ளோர் 80 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் பலர் நகரங்களின் விளிம்பில் குடியேறினர். ஊரில் பாதியில் விட்ட படிப்பை, வயது கடந்த நிலையில், நெரிசல் மிகுந்த நகரப் பள்ளியில் தொடர அவர்களின் பிள்ளைகள் இடர்ப்பட்டனர். 1987 இல் கோல்பெர்ட்டும் சக பணியாளர்களும் நிறுவிய அறக்கட்டளை, இவர்களுக்காக 2000களின் தொடக்கத்தில் கற்றல் வட்டங்களைத் தொடங்கியது. இளைஞர் ஒருவரின் துணையுடன், குடியிருப்புக்கு அருகிலேயே உள்ள ஓர் இடத்தில், சிறு குழுவாகப் பிள்ளைகள் வழிகாட்டிகளைக் கொண்டு படிக்கின்றனர். அவர்களின் பெயர் தாய்ப்பள்ளி எனப்படும் அருகிலுள்ள பள்ளி ஒன்றில் பதிவாகியிருக்கும். போதிய நிலையை அடைந்ததும் அங்கே சேர்கின்றனர்.

பிற நாடுகளில்

குவாத்தமாலா உள்ளிட்ட பல நாடுகள் இம்முறையைத் தழுவின. வியட்நாமில் பன்னாட்டு நிதி உதவியுடன் 1,447 பள்ளிகளில் செயல்படுத்தப்பட்டது. பெற்றோரின் எதிர்ப்பால் சில மாகாணங்கள் பின்னர் அதனைக் கைவிட்டன. கோல்பெர்ட்டுக்கு 2013 இல் வைசு பரிசும் 2017 இல் யீதான் பரிசும் வழங்கப்பட்டன.