விதைக்குத் தண்டனை இல்லை, முளைக்கு உண்டு

"வாடகை வீட்டில் தொட்டியில் கஞ்சா வளர்த்த வாலிபர் கைது." இப்படி ஒரு செய்தி இப்போதெல்லாம் அடிக்கடி வருகிறது. கூடவே ஒரு படம்: நாலைந்து தொட்டி, மேலே ஊதா நிறத்தில் விளக்கு, ஓரத்தில் சின்ன மின்விசிறி. நம் வயதுக்காரர்கள் இதைப் படித்தால் பாதிப்பேர் "காலம் கெட்டுப் போச்சு" என்பார்கள். மீதிப்பேர் "எங்க தாத்தா காலத்துல லைசென்ஸ் கடையிலேயே வித்தாங்களே, இப்ப என்ன பெரிய குத்தம்?" என்பார்கள். கடையில் விற்றது உண்மைதான். ஆனால் விற்றது வேறு, வளர்த்தது வேறு. அரசாங்கம் இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்ததில்லை. பல வருஷம் கோப்புகளோடு குடித்தனம் செய்தவன் என்பதால், இதை வரிசைப்படி எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் செடியின் பெயர். பூர்வீகம் புதியம்புத்தூர் என்றாலும் நான் பள்ளியில் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். சொன்னரா என்கிற பிரெஞ்சுக்காரரின் பெயரை அந்த நாளிலேயே கேட்டிருக்கிறேன். 18-ஆம் நூற்றாண்டில் இந்தியா, சீனா என்று சுற்றி 1782-ல் பயணநூல் வெளியிட்டவர். புதுச்சேரியில் பல ஆண்டுகள் இருந்தவர். அவர் இந்தியாவில் சேகரித்த செடியைப் பார்த்துத்தான் லமார்க் என்ற தாவர அறிஞர் 1785-ல் 'கன்னாபிஸ் இண்டிகா' என்று பெயர் வைத்தார். ஐரோப்பாவில் கயிறும் துணியும் செய்ய வளர்த்த சணல் வேறு, இந்தியாவில் போதை தரும் இந்தச் செடி வேறு என்பது அவர் கட்சி. இரண்டும் ஒன்றா வேறா என்று தாவர இயல்காரர்கள் இன்றைக்கும் வாதிடுகிறார்கள்.

நம் பக்கத்தில் இதற்குக் கோரக்கர் மூலி என்றும் பெயர் உண்டு. சித்த வைத்தியத்தில் லேகியத்துக்குச் சேர்த்தார்கள். சாமியார்களும் பக்கிரிகளும் புகைத்தார்கள். அந்தக் காலத்தில் சென்னை மாகாணத்தில் வீட்டுக் கொல்லையில் ஒன்றிரண்டு செடி நிற்பது பெரிய விஷயமாக இல்லை. முருங்கை நிற்கிற மாதிரி அதுவும் நின்றது.

இது மாறியது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். 1893 மார்ச்சில் லண்டன் பாராளுமன்றத்தில் கெய்ன் என்ற உறுப்பினர், இந்தியாவில் கஞ்சா மக்களைக் கெடுக்கிறதா என்று விசாரிக்க வேண்டும் எனக் கேட்டார். மதுவிலக்குக் கொள்கையில் பிடிவாதமானவர் அவர். அதன் பேரில் மெக்வொர்த் யங் தலைமையில் ஒரு கமிஷன் அமைந்தது. ஊர் ஊராகப் போய் 1,193 சாட்சிகளை விசாரித்து, 1894-ல் ஏழு தொகுதி அறிக்கை கொடுத்தது. கெய்ன் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. அளவோடு பயன்படுத்துகிறவருக்குச் சொல்லும்படியான கெடுதல் இல்லை, அளவு மீறினால் கெடுதல் உண்டு, முழுத் தடை வேண்டாம் என்று எழுதினார்கள்.

பலர் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். அறிக்கையின் அடுத்த பாதிதான் நமக்கு முக்கியம். தடை வேண்டாம் என்றவர்கள், வளர்ப்பதைக் கட்டுப்படுத்து என்றும் சொன்னார்கள். உரிமம் இல்லாமல் யாரும் பயிரிடக் கூடாது. பயிரிடும் இடங்களை முடிந்தவரை சுருக்க வேண்டும். விளைந்த சரக்கு அரசாங்கக் கிடங்குக்கு வந்து, வரி கட்டிய பிறகே கடைக்குப் போக வேண்டும். காரணம் லேசானது. கொல்லையில் நிற்கும் செடிக்கு யார் வரி போடுவது? கடைக்குப் பூட்டு உண்டு, கிடங்குக்குப் பூட்டு உண்டு, கொல்லைக்கு ஏது பூட்டு?

இதற்கு முன்மாதிரியாக அவர்கள் முன்னால் இருந்தது வங்காளத்தின் ராஜசாஹி மாவட்டத்து நவ்காவ். இன்று அது வங்கதேசத்தில் இருக்கிறது. அங்கே உரிமம் பெற்றவர்கள் ஆகஸ்டு வாக்கில் மேட்டு நிலத்தில் நாற்றங்கால் போட்டு, செப்டம்பரில் பிடுங்கி வயலில் நடுவார்கள். செடி வளர்ந்து பூ காட்டும் சமயம் ஒரு ஆள் வருவார். வெள்ளைக்காரர் அறிக்கைகளில் அவருக்குக் 'கஞ்சா டாக்டர்' என்று பெயர். வரிசை வரிசையாக நடந்து, எது ஆண் செடி என்று பார்த்துப் பிடுங்கிப் போடுவதே அவர் வேலை. ஆண் செடி நின்றால் பெண் பூவில் விதை பிடித்துவிடும், சரக்கின் மதிப்பு போய்விடும். அறுவடை முழுவதும் அரசாங்கக் கிடங்குக்குப் போகும். 1917-ல் அந்த விவசாயிகள் ஒரு கூட்டுறவுச் சங்கமே தொடங்கினார்கள். நம் மாகாணத்திலும் ஜவ்வாது மலைப் பகுதி, தெலுங்கு நாட்டில் பாபட்லா பக்கம் என்று ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் உரிமத்தோடு பயிர் செய்ய விட்டார்கள். ஆக, தாத்தா காலத்துக் கடையில் கஞ்சா கிடைத்தது நிஜம். அதே தாத்தா உரிமம் இல்லாமல் கொல்லையில் நட்டால் அப்காரிக்காரர் வந்து நிற்பார் என்பதும் நிஜம்.

பிறகு கடையும் போயிற்று. ராஜாஜி 1937-ல் கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம் கள், சாராயத்தோடு கஞ்சாவையும் சேர்த்துக்கொண்டது. முதலில் சேலம், பிறகு சில மாவட்டங்கள், 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும். 1961-ல் ஐக்கிய நாடுகள் ஒப்பந்தம் ஒன்று வந்தது. மருந்துக்கு அல்லாத கஞ்சாப் பழக்கத்தை 25 ஆண்டுக்குள் ஒழிக்க வேண்டும் என்றது. இந்தியாவும் அதில் சேர்ந்தது. கெடு நெருங்கியபோது, 1985 ஆகஸ்டு 23-ல் போதைப்பொருள் மசோதா மக்களவைக்கு வந்தது. செப்டம்பர் 16-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல், நவம்பர் 14-ல் அமல். 1,193 பேரிடம் கேட்டு எழுதிய பழைய அறிக்கையை நினைத்துப் பார்த்தால், இந்த வேகம் யோசிக்க வைக்கிறது.

சட்டத்தின் வாசகத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். கஞ்சா என்றால் செடியின் பூ நுனி. பூ சேராத தனி இலையும் தனி விதையும் கணக்கில் இல்லை. அதனால்தான் காசிக்குப் போனவர்கள் அங்கே பாங் கடையைப் பார்த்திருப்பீர்கள். பாங் என்பது இலை. ஆனால் 'கஞ்சாச் செடி' என்றால் அந்த இனத்தின் எந்தச் செடியும். அனுமதியின்றி அதைப் பயிரிட்டால் 20-ஆம் பிரிவின்படி 10 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். கையில் சரக்கு வைத்திருப்பவனுக்கு ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு என்று படிகள் உண்டு. வளர்ப்பவனுக்கு அந்தப் படிகள் இல்லை. நாலு ஏக்கரானாலும் நாலு தொட்டியானாலும் பிரிவு ஒன்றுதான். உள்ளங்கையில் இருக்கும்வரை விதைக்குத் தண்டனை இல்லை. அதே விதை மண்ணில் இரண்டு இலை விட்டால் வழக்கு.

செடி வீட்டுக்குள் வந்தது எப்படி? அமெரிக்காவில்தான் இது பரவலானது. 1983-ல் கலிபோர்னியாவில் ஹெலிகாப்டரில் பறந்து மலைத் தோட்டங்களைத் தேடி அழிக்க ஆரம்பித்தார்கள். வானத்திலிருந்து பார்க்கிறார்கள் என்றதும், வளர்த்தவர்கள் கூரைக்குக் கீழே போனார்கள். தெருவிளக்குக்குச் செய்த சோடியம் விளக்கு அவர்களுக்குச் சூரியன் ஆனது. 1989-ல் அந்த விளக்கு விற்ற கடைகள் மேலேயே சோதனை நடந்தது. 1992-ல் ஓரிகான் மாநிலத்தில், வெப்பம் காட்டும் கருவியைத் தெருவில் நின்றபடி ஒரு வீட்டின் மேல் திருப்பி, உள்ளே விளக்குகள் எரிவதைக் கண்டுபிடித்தார்கள். நூறுக்கு மேல் செடிகள் இருந்தன. அந்தக் கைலோ வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், வாரண்டு இல்லாமல் அப்படிப் பார்க்கக் கூடாது என்று 2001-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பானது. கொல்லையிலிருந்து வேலி போட்ட வயலுக்கு, வயலிலிருந்து மலைக்கு, மலையிலிருந்து அறைக்கு என்று சட்டம் ஒரு அடி வைத்தபோதெல்லாம் செடியும் இடம் மாறியிருக்கிறது.

பிரெஞ்சில் கண்ணாடிச் செடி வீட்டுக்கு 'சேர்' என்று பெயர். பூட்டி வைப்பது, பத்திரப்படுத்துவது என்ற வினையிலிருந்து வந்த சொல். பூட்டி வளர்ப்பது எளிதல்ல என்று நம் கரிசல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாம் வானத்தைப் பார்த்து மானாவாரியாக விதைத்துவிட்டுப் போகிறவர்கள். தோட்டக்காலில் மிளகாய் நாற்றோ தக்காளி நாற்றோ விட்டவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். வெளிச்சம் குறைந்தால் வெளுத்து நூலாக நீளும். தண்ணீர் கூடினால் அடித்தண்டு அழுகிச் சாயும். காற்றாடவில்லை என்றால் தண்டில் வலு இருக்காது. கஞ்சா நாற்றுக்கும் இதே கதைதான். அதனால்தான் அந்தப் படத்தில் விளக்கும் விசிறியும். புதிதாக வளர்க்கிற பையன் செல்போனில் பார்த்துப் பார்த்து, ஒரு தாயைப் போல அதைக் கவனிக்கிறான். அவன் பார்க்கும் பாடத்தில் பெரும்பாலும் கனடா, ஜெர்மனிக்காரர்கள் பேசுகிறார்கள். கனடாவில் 2018 முதல் பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு நாலு செடி, ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் ஆளுக்கு மூன்று செடி வைக்கலாம். அந்த நாட்டுச் சட்டம் இங்கே செல்லாது என்பதைப் பாடம் நடத்துகிறவர் சொல்வதில்லை.

சில மாதங்களுக்கு முன் வேறு ஊரிலிருந்து ஒரு நண்பர் கூப்பிட்டார். மாடி அறையை ஒரு பையனுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். "அண்ணாச்சி, ஜன்னல் பூரா வெள்ளித்தாள் ஒட்டி வச்சிருக்கான். ராத்திரி பூரா லைட்டு எரியுது. கேட்டா, நாலு தொட்டிதான, விக்கவா போறேன்னு சொல்லுதான்" என்றார். குரலில் நடுக்கம். சொன்னால் பையன் வாழ்க்கை போகும், சொல்லாவிட்டால் தன் தலைக்கு வரும். நான் 25-ஆம் பிரிவைப் படித்துக் காட்டினேன்: குற்றத்துக்குத் தன் வீட்டையோ அறையையோ தெரிந்தே இடம் கொடுத்தவருக்கும் அதே தண்டனை. இதைக் கேட்ட பிறகு 'தெரியாது' என்று சொல்ல அவருக்கு வழியில்லை. ஒரு வக்கீலைப் பார்த்தார், பையனின் தகப்பனாரை வரச் சொன்னார். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நாலு தொட்டியையும் நாலு ஏக்கரையும் ஒரே பிரிவில் வைத்தது சரியா என்று கேட்டால், சரியில்லை என்றே சொல்வேன். பழக்கத்துக்கு அடிமையானவன், சிறிய அளவோடு பிடிபட்டாலும், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் 64-ஏ பிரிவில் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. ஆர்வத்தில் ஒரு விதையை ஊன்றியவனுக்கு அந்தக் கதவு கிடையாது. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையத்தில், கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுக்க இந்தியாவும் ஆதரவாக ஓட்டுப் போட்டது. ஆனால் உள்ளூரில் இந்தப் பிரிவு அப்படியேதான் இருக்கிறது.

சட்டம் மாறும்போது மாறட்டும். மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் நண்பர்கள், பேரனைச் சென்னையிலும் கோவையிலும் படிக்க வைத்திருக்கும் தாத்தா பாட்டிமார்கள், ஒரு நடை போய் அறையைப் பார்த்துவிட்டு வாருங்கள். பகலிலும் ஜன்னல் மூடியிருந்து, கரண்டு பில் திடீரென்று ஏறியிருந்தால் காரணம் கேளுங்கள். போலீஸ் கேட்பதற்கு முன்னால் நாம் கேட்பது நல்லது.