சைமன் சுந்தரராஜ்

தமிழ்நாட்டுக் கால்பந்து வீரர், பயிற்சியாளர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் இடம்பெற்றவர். தேசியக் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் கோப்பையைக் கேரளம் முதன்முறையாக வென்றபோது அதன் பயிற்சியாளர்.

சையத் அப்துல் ரஹீம் பயிற்றுவித்த, பி. கே. பானர்ஜி தலைமை தாங்கிய ரோம் அணியில் முன்வரிசை ஆட்டக்காரராக இடம் கிடைப்பது எளிதன்று. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராம் மூவரும் அங்கே இருந்தார்கள். பிரிவும் கடினமானது. முன்வரிசை வீரர் ஃப்ளோரியான் ஆல்பர்ட் ஆடிய ஹங்கேரியிடம் இந்தியா 1-2 எனப் போராடித் தோற்றது. பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்தது. பெருவிடம் 1-3 எனத் தோற்று, ஒரே புள்ளியுடன் பிரிவின் கடைசி இடத்தில் நின்றது. அதன்பின் இந்திய ஆடவர் அணி ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை. எனவே, பெருவிடம் தோற்ற ஆட்டத்தில் ஆறுதலுக்கு அடித்த அந்த ஒற்றைக் கோலே ஒலிம்பிக்கில் இந்தியாவின் கடைசிக் கோலாக நிற்கிறது. அதை அடித்தவர் சுந்தரராஜ் என்று இந்திய நாளேடுகள் தொடர்ந்து எழுதிவருகின்றன. வேறு சில பதிவுகள் பலராமின் பெயரைத் தருகின்றன. இரு கூற்றுகளும் இன்றுவரை அருகருகே வழங்குகின்றன.

1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற இந்தியக் கால்பந்து அணியில் சுந்தரராஜ் இல்லை.

பயிற்சியாளராக அவர் பெயர் நிலைத்தது 1973 டிசம்பரில். எர்ணாகுளத்தில் நடந்த சந்தோஷ் கோப்பை இறுதியாட்டத்தில் கேரளம் ரயில்வேயை 3-2 என வென்றது. மூன்று கோலையும் அடித்தவர் அணித்தலைவர் மணி. அன்றுமுதல் வாழ்நாள் முழுவதும் அவர் 'கேப்டன் மணி'தான். கேரள மாநிலம் உருவாகி 17 ஆண்டுகள் காத்திருந்து பெற்ற முதல் கோப்பை அது. வென்ற தலைவரைப் பட்டப்பெயர் இட்டுக் கொண்டாடும் ஊரில், ஓரத்தில் நின்று ஆட்டத்தை வகுத்தவரின் பெயரும் அதே அளவு ஒலித்திருக்க வேண்டும். அவரது சொந்த மாநிலமான தமிழ்நாடு இக்கோப்பையை இதுவரை வென்றதில்லை.

1973-இல் வென்ற கேரள அணியின் துணைத்தலைவர் டி. ஏ. ஜாபர் பின்னர் பயிற்சியாளரானார். கேரளத்தின் அடுத்த இரு கோப்பைகளும் அவர் பொறுப்பில் வந்தவை. அவற்றுள் முதலாவது, 1992-இல் கோயம்புத்தூரில் கோவாவை வென்று பெற்றது.