வெட்கம் யாருடையது?



சாதி தன் கையில் எப்போதும் வைத்திருந்த ஆயுதம் அவமானம். தோளில் கிடக்கும் துண்டை எடு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடி, தேநீரைத் தனிக் குவளையில் குடி என்று அது இட்ட கட்டளைகள் எல்லாம் ஊர் பார்க்க நிறைவேற வேண்டியவை. ஊர் பார்த்தால்தான் நாம் கூனிக் குறுகுவோம் என்பது அதற்குத் தெரியும். செய்தவர்கள் தலைநிமிர்ந்து நடந்தார்கள். வெட்கத்தை நாம் சுமந்தோம். அந்தச் சுமையை உரியவர்களிடமே திருப்பி இறக்கிய கதையாகவும் நம் போராட்ட வரலாற்றைப் படிக்கலாம்.

2001 ஆகஸ்ட் இறுதியில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாடு கூடியது. அங்கு சென்ற தலித் செயல்பாட்டாளர்கள் சாதியையும் விவாதிக்க வேண்டும் என்றனர். சாதி என்பது இனம் அல்ல, அது உள்நாட்டு விவகாரம் என்று இந்திய அரசு எதிர்த்தது. தீண்டாமையை ஒழிக்க அரசியல் சட்டத்தில் 17ஆவது பிரிவும், 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இயற்றிய அதே அரசுதான் இது. தன் சட்டப் புத்தகத்தில் ஒப்புக்கொண்டதை உலகின் முன் பேசக் கூடாது என்றது. மாநாட்டின் இறுதி அறிக்கையில் சாதி இடம்பெறவில்லை. ஆனால் 2002இல், சாதி உள்ளிட்ட பிறப்பு வழிப் பாகுபாடும் தன் பொறுப்பில் வரும் என்று ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு பரிந்துரை வெளியிட்டது.

அரசு எதற்கு வெட்கப்பட்டது? சாதி இருப்பதற்கா, சாதி வெளியே தெரிந்ததற்கா? இதற்கு மதுரை மாவட்டம் உத்தப்புரம் பதில் சொல்கிறது.

அங்கே 1989 மோதலுக்குப் பின் எழுப்பப்பட்ட சுவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தலித் மக்களின் வழியை மறித்து நின்றது. அதிகாரிகள் அறியாத சுவரா அது? 2008இல் சுவரின் மேல் மின்கம்பி ஓடிய செய்தி நாடெங்கும் பரவிய பிறகே கம்பி அகற்றப்பட்டது. மார்க்சிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் பிரகாஷ் காரத் வருவதற்கு முதல் நாள், மே 6 அன்று, மாவட்ட நிர்வாகம் சுவரில் சுமார் 15 அடியை இடித்துப் பாதை விட்டது. இருபது ஆண்டு முடியாதது ஒரே காலையில் முடிந்தது.

ஆனால் இடிந்தது அந்தப் பாதையின் அளவுதான். அதே ஆண்டின் பிற்பகுதியில் மூண்ட மோதலை அடுத்து நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் தலித் ஒருவர் உயிரிழந்தார். முத்தாலம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைய 2011 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேமராக்கள் போன பின்னும் களத்தில் நின்றவர்கள், வழக்கு நடத்தியவர்கள், பேச்சுவார்த்தையில் விட்டுக்கொடுக்காதவர்கள் அந்த நாளைக் கொண்டுவந்தார்கள்.

அரசின் வெட்கத்துக்கு ஆயுள் குறைவு. பார்ப்பவர் கண் திரும்பியதும் அது மறைந்துவிடும். ஆகவே அது விழித்திருக்கும் சில நாட்களுக்குள் ஆணையை எழுத்தில் வாங்குவதும், வழக்கைப் பதிவு செய்ய வைப்பதும், நடந்ததை ஆவணமாக்குவதும் நம் வேலை. மாணவத் தோழர்கள் தம் ஊரில் இன்னும் நிற்கும் சுவர்களையும் மறிக்கப்பட்ட பாதைகளையும் தேதியோடு எழுதி வைக்கட்டும். வெட்கம் 15 அடி திறக்கும். மீதிச் சுவரை நாம்தான் இடிக்க வேண்டும்.